ஏரலில் சித்தி, நாங்குநேரியில் தையல் டீச்சர்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து குறைபட்டுக்கொண்டார். "மேடம், அந்த வீட்டுல கதவையே திறக்க மாட்டேங்கிறாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?" எதில் போனீர்கள் என்று கேட்டேன். ஜீப்பில் என்றார். ஜீப்பை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். வாசலில் என்றார். அந்த ஜீப்பை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் 'மனநலக் குழு' என்று தேர்தல் சுவர் எழுத்து அளவுக்கு எழுதி வைத்திருக்கிறீர்கள். கதவை எப்படித் திறப்பார்கள்? நானாக இருந்தால் ஜன்னலையும் சேர்த்துச் சாத்தியிருப்பேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளா. எனக்கு வேலையில் இருக்கும்போதே வாய் நீளம். ஓய்வு பெற்ற பிறகு அடக்குவதற்கு ஆளில்லாமல் இன்னும் நீண்டுவிட்டது.

தொண்ணூறுகளில் எங்களுக்கு ஜீப் கிடையாது. திருநெல்வேலியில் பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவேன். ஆஸ்பத்திரிக்கு வந்து தேறிப் போனவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறார்களா, வீட்டார் அவர்களை மனிதராக நடத்துகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. தெருவில் யாராவது, "யாரு வீட்டுக்கு?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை நான் முடிவு செய்ததில்லை. அந்தந்த வீடுதான் முடிவு செய்யும். எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அவங்க உன்னை யாருன்னு சொல்றாங்களோ, அந்தத் தெருவுல நீ அதுதான். மறுக்காதே, கூட்டியும் சொல்லாதே."

அப்படி ஒரு தெருவில் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் பாய் வாங்க வருகிறவள். நாங்குநேரியில் தையல் டீச்சர். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தெருப் பெண்கள் ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "டீச்சர், இதைக் கொஞ்சம் வெட்டித் தாங்களேன்!" வேறு வழியில்லாமல் பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையில் போய் உட்கார்ந்து நிஜமாகவே கற்றுக்கொண்டேன். இன்றுவரை என் ரவிக்கையை நானே தைத்துக்கொள்கிறேன் என்றால் அது அந்த நாங்குநேரித் தெரு போட்ட பிச்சை.

இனி நான் சொல்லப்போவதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வருகிற இரண்டு பெண்களிடமும் முன்பே கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். ஒருத்தி, "எம் பேரையே போடுங்க சித்தி, என்ன இப்பம்?" என்றாள். நான்தான் மறுத்துவிட்டேன்.

ஏரலில் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பேச்சியம்மாள், இளையவள் முத்து. பேச்சிக்குக் கல்லூரி முடித்த வருஷத்தில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். சோறு தண்ணீர் இறங்கவில்லை. எங்களிடம் வந்து, ஊசியும் மாத்திரையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். குரல்கள் அடங்கின, சிரிப்பு திரும்பியது. ஊசியின் உபயத்தால் கை மட்டும் நடுங்கும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள்.

நம்ம ஊரில் பைத்தியத்துக்குச் சொல்கிற 'கோட்டி' என்ற சொல் வாயில் புழங்குகிற அளவுக்கு உப்பு, புளிகூடப் புழங்காது. அண்ணாச்சியே கடையில் நாள் முழுக்க, "ஏலே கோட்டிக்காரா, அந்த அண்டாவ எடுலே" என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தவர்தான். மகளுக்கு இப்படி ஆன பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. தெருவுக்கு என்னை, "வீட்டுக்காரிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, நாகர்கோயில்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் நான் பேச்சிக்குச் சித்தி. அவரை நான் நாலு பேர் எதிரில் 'அத்தான்' என்று கூப்பிட வேண்டும். நான் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் பாவம், மனிதர் காது வரைக்கும் சிவந்துபோவார்.

முத்துவுக்கு வரன் வந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்கு ஏன் என்று கேட்டவர்களிடம், மூத்தவளுக்கு ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பேச்சி வீட்டில் இருக்கக்கூடாது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுங்கள் என்று என்னிடம்தான் கேட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையிலேயே போய் நின்றேன்.

பேச்சி உள் அறையில் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் முத்து. சின்ன வயதிலிருந்து தங்கச்சிக்குத் தலை பின்னி விடுவது பேச்சிதான். பேச்சி மிகவும் சுகமில்லாமல் கிடந்த நாட்களிலும்கூட அந்தப் பெண் அக்காவிடம்தான் வந்து முதுகைக் காட்டி உட்காருவாள்.

"கிளம்புவோமா?" என்றேன்.

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இப்பம் எப்படி வந்திருக்கிய? சித்தியாவா, ஆஸ்பத்திரியில இருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் கேக்க?"

"சித்தியா வந்திருந்தா கூட்டிட்டுப் போங்க, வாரேன். அப்பா சொன்னா சித்தி கேக்கத்தான் செய்யணும். ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தா, எனக்கு என்ன வேணும்னு எங்கிட்டல்லா கேக்கணும்?"

கேட்டீர்களா பிள்ளைகளா? எத்தனை பயிற்சி வகுப்பு! எத்தனை கரும்பலகை! ஒருத்தரும் எனக்கு அதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "சரி, ஆஸ்பத்திரியில இருந்துதான் வந்திருக்கேன். உனக்கு என்ன வேணும், சொல்லு."

"இவளுக்குத் தலை பின்னணும். பூ வைக்கணும். இன்னைக்கும் வைக்கணும், கல்யாணத்தன்னைக்கும் வைக்கணும். சபைக்கெல்லாம் வரல. இந்த ரூம்புக்குள்ளயே இருந்துக்கிடுதேன்."

முத்து திரும்பாமலே சொன்னாள்: "அக்காவ ஒளிச்சு வச்சு எனக்கு ஒண்ணும் கல்யாணம் வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன். யாரு காதுல விழுது?"

அண்ணாச்சியிடம் போனேன். மனிதர் கைகூப்பாத குறை. "நீங்க சொல்லுதது சரிதாம்மா. ஆனா அவ கை நடுங்குததப் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாவல்லா? ஒண்ணு போனாலும் ஒண்ணாவது கரையேறட்டும்னு பாக்கேன்." மகளின் மேல் பிரியமில்லாமல் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பேச்சி உள் அறையைவிட்டு வரமாட்டாள், நானும் கூடவே இருக்கிறேன் என்று உறுதி சொன்னேன். "பொறுப்பு ஒங்களுது" என்று விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். நான் அப்போது கூடத்தில் ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டு எழுவதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முதலில் மாப்பிள்ளையின் அப்பா. அவருக்குப் பின்னால், பட்டுப்புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளையின் அம்மா.

நாங்குநேரி சண்முகத்தாய்.

நான் யாருடைய வீட்டுக்குத் தையல் டீச்சராகப் போய்க்கொண்டிருந்தேனோ, அதே அக்காதான். சில மாதம் பேச்சும் பாட்டுமாக உறக்கமில்லாமல் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு, அடுத்த சில மாதம் கட்டிலைவிட்டே எழாமல் கிடந்தவர். எங்கள் மாத்திரையில் நிலைப்பட்டுச் சில வருஷமாக நன்றாக இருந்தார். வீட்டுக்காரரையும் மகனையும் தவிர ஒரு ஈ, காக்கைக்குத் தெரியாது. நான் போகிற நேரம் அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருப்பார்கள், நான் முகம் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கு நாங்குநேரிப் பக்கம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நாங்குநேரிப் பக்கம் எத்தனை வீடு இருக்கிறது! நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"இது எங் கொழுந்தியா, நாகர்கோயில்" என்றார் அண்ணாச்சி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

சண்முகத்தாய் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்! வந்த களை முகத்திலிருந்து அப்படியே வடிந்துவிட்டது. புறவாசல் வழியாக ஓடிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "கொஞ்சம் கை கால் கழுவணும்" என்றார். பெண்ணின் அம்மா காபி போடுவதில் இருந்ததால் அண்ணாச்சியே, "கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று என்னைத்தான் சொன்னார்.

கிணற்றடிக்குப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், என்னயப் பத்தி இவியகிட்ட சொல்லிட்டியளா? அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காவளா?"

பாருங்கள்! இந்த வீட்டில் யாருக்கு என்ன என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் குட்டு உடைந்துவிட்டதோ, தன்னால் மகன் கல்யாணம் கெட்டுவிடுமோ என்பதுதான் முதல் பயம். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அக்கா, நாங்குநேரியில பேசினது நாங்குநேரியிலதான் இருக்கு. சத்தியம்" என்றேன்.

மூச்சு விட்டார். முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே யோசிப்பது தெரிந்தது. தலைப்பால் துடைத்துக்கொண்டு, "அப்பம் நீங்க இங்கன எதுக்கு?" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வரும், தயாராக இருங்கள். ஒன்றுமில்லை என்றால் அது பொய். என்னை நம்பிப் பல வருஷம் உள்ளத்தைத் திறந்து காட்டியவரிடம் பொய் சொல்ல வேண்டும். மூத்தவளுக்காக வந்தேன் என்றால் பேச்சியைக் காட்டிக்கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் நின்றாலோ, நான் நிற்பதே சொல்லிவிடும். என்னைத் தெரிந்தவருக்கு என் முகமே தகவல்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"ஒங்க தெருவில ஒங்களப் பத்தி எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்லுவேனோ, இங்கயும் அதேதான் அக்கா சொல்லுவேன். வேற கேக்காதிய" என்றேன். அவர் கேட்கவில்லை. உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

கூடத்தில் ஆண்கள் வாழைத்தார் விலையையும் ஆற்றில் தண்ணீர் வரத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எப்போதும் அதுதானே! சண்முகத்தாய் நேராக, "பொண்ணப் பாக்கேன்" என்று உள் அறைக்குப் போய்விட்டார். அது மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் உரிமை, தடுக்க முடியாது.

பேச்சி அப்போதுதான் பின்னி முடித்துப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். புது ஆளைக் கண்டதும் நடுக்கம் கூடிவிட்டது. மல்லிகைச் சரம் கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. காபித் தட்டோடு பின்னாலேயே ஓடிவந்த அவள் அம்மா பதறிப்போய், "அது வந்து மதினி, சின்ன வயசுல இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து..." என்று தொடங்கினார்.

சண்முகத்தாய் கீழே உட்கார்ந்தார். சரத்தை எடுத்துப் பேச்சியின் கையில் கொடுத்தார். "அவசரப்படாத. பைய வை. மாத்திரை போட்டா இப்பிடித்தான் நடுங்கும்."

தட்டை வைத்திருந்த அம்மாவுக்கு உயிர் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சண்முகத்தாய் தட்டிலிருந்து ஒரு காபியை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார். பேச்சி அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"ஒங்களுக்குமா?" என்றாள் பேச்சி.

"ஆமா. ஒனக்கு வாய் உலருதா?"

"உலருது. ராத்திரியில செம்பத் தலமாட்டுல வச்சுக்கிடுவேன்."

"நானும்தான்" என்று சிரித்தார் சண்முகத்தாய். "கடுக்காய வாயில அடக்கிப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல."

அவ்வளவுதான் பேச்சு. பேச்சியின் அம்மா தட்டை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். "மதினி, சபையில மட்டும் சொல்லிராதிய." "நான் என்னத்தச் சொல்ல? நானே சொல்லாமல்லா வந்திருக்கேன்!" என்றார் சண்முகத்தாய். முத்து தலையைத் திருப்பக்கூடாது என்று அக்கா பிடித்து வைத்திருந்ததால் நேராகப் பார்த்தபடியே சிரித்தாள், அழுதாள், இரண்டையும் செய்தாள். பூ நன்றாகத்தான் அமைந்தது.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என்னைப்போல வாய் நீளமானவளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

உடனே மேளம் கொட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். மனைவி சொல்லி விஷயம் தெரிந்து, அண்ணாச்சி திருநெல்வேலிக்கு என்னைத் தேடி வந்தார். "ரெண்டு பக்கமும் இப்பிடி இருந்தா, நாளைக்குப் பொறக்கப் போற பிள்ளைக்கு வருமாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில் ஆறுதல் சொல்லி மழுப்பாமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரும் மழுப்பவில்லை. மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாய்ப்பு உண்டு, ஆனால் வரத்தான் செய்யும் என்பதில்லை, வந்தால் வைத்தியம் உண்டு என்றார். அண்ணாச்சி வெளியே வந்து மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டு ஆயுசு பூரா பயந்துட்டுக் கிடக்குததுக்கு இது தேவல" என்று எழுந்து பஸ்ஸுக்குப் போனார். நாங்குநேரியில் மாப்பிள்ளை தன் அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்த அக்காவும் வருவாகல்லா கல்யாணத்துக்கு?" என்று மட்டும் கேட்டானாம். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து மணமகள் அறையில் பேச்சிதான் தங்கச்சிக்குத் தலை பின்னினாள். நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டிருந்தாள். ஒரு கை இறுக்கம் என்று வந்ததிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் எல்லோரையும் பார்த்தாள்.

பந்தியில்தான் வினை வந்தது. ஏரல்காரர்கள் என்னை, "நாகர்கோயில் சித்தி, இங்கன வாங்க" என்று கூப்பிட, நாங்குநேரித் தெருப் பெண்கள், "டீச்சர், நம்ம பக்கம் உக்காருங்க" என்று இழுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையில் ஒருவர், வாழைத்தார் வியாபாரி, நல்ல கனத்த சாரீரம். இலையில் கை வைத்தவர் நிமிர்ந்தார். "ஏம்மா, பொண்ணு வீட்டுல சித்தின்னுதாவ, மாப்பிள்ளை வீட்டுல டீச்சர்ங்காவ. நீங்க உண்மையில யாரு?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் சண்முகத்தாய் மோர் வாளியோடு நின்றுவிட்டார். இந்தப் பக்கம் அண்ணாச்சியின் காது சிவக்கத் தொடங்கியது. சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் அப்பளக் கூடையோடு வந்த பேச்சியின் குரல் கேட்டது. "நான் மனசு சொகமில்லாம கிடந்தேம்லா பெரியப்பா, அப்பம் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து பாத்தவுக. இப்பமும் வாராவ. சித்தியும்தான்."

"டீச்சரும்தான்" என்றார் சண்முகத்தாய், மோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு. "எனக்கும் அவியதான் வந்து பாக்காவ."

இடி விழவில்லை. கூரை பிரியவில்லை. பெரியப்பா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா?" என்றார். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "ஏலே, அந்த அம்மா இலையில பாயசத்த ஊத்துலே, பாத்துட்டு நிக்க!" என்றார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. காரத்தினால் என்று சொல்லிக்கொண்டேன். பாயசத்தில் ஏது காரம்?

கை கழுவுகிற இடத்தில் அதே பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். இப்போது அந்தச் சாரீரத்தைக் காணோம். "நம்ம வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான்மா. எம் மவன். வெளிய வாரதே இல்ல. ஒரு நாள் வாரியளா?"

"வாரேன் அண்ணாச்சி."

தயங்கினார். "தெருவுல கேட்டா யாருன்னு சொல்லட்டும்?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ, அப்படிச் சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார். "தங்கச்சின்னு சொல்லிருதேன்" என்றார்.

அப்படியே சொன்னார், நானும் அப்படியே போய்வந்தேன். தங்கச்சி என்று சொல்லிவிட்டதால் அடுத்த தைக்கு எனக்கு அண்ணன் வீட்டுச் சீராகப் பொங்கல்படி வந்து இறங்கியது. பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, ஒரு தார் வாழைப்பழம். வேண்டாம் என்றால் தங்கச்சி முறைக்குக் குறைவாம். அவர் காலமாகிவிட்டார். படி நின்றபாடில்லை. இப்போது அதைக் கொண்டுவருவது அந்த மகன், வெளியே வராமல் கிடந்தானே, அவன்தான். மாதாமாதம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறான், அப்பாவின் வாழைத்தார் வியாபாரத்தைப் பார்க்கிறான். தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போதே, "அத்த!" என்று அவன் போடுகிற சத்தத்தில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துவிடும்.

போன பொங்கலுக்கு எதிர்வீட்டம்மா கேட்டார், அது யார், வருஷா வருஷம் வருகிறாரே என்று.

என் அண்ணன் மகன் என்றேன்.